ஊசி திடீரென்று இறங்கினால்

புதிதாக வேன் சாவியைக் கையில் வாங்கியிருக்கும் தம்பிகளே, தங்கைகளே, உங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "அக்கா, புதுசா சேர்ந்த பிள்ளைங்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்க" என்றார். நல்ல வார்த்தை சொல்லும் பழக்கம் எனக்குக் கிடையாது. ஈப்போவில் என்னோடு வேன் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவளுக்குத் திட்டத்தான் தெரியும் என்பார்கள். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியத்தில் தொழிற்சாலைப் பெண்கள், சனி ஞாயிறு என்றால் கல்யாணம், காதுகுத்து, கோயில் என்று வாழ்நாளில் பாதியை ஸ்டீரிங்குக்குப் பின்னால் கழித்தவள் நான். பேராக் மாநிலத்தில் என் டயர் படாத ஊர் குறைவு. என் வண்டியில் ஏறிய எவரையும் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் விட்டதில்லை. பெருமையாகத்தான் சொல்கிறேன். இதைச் சொல்லும்போது எதற்கு அடக்கம்?

எல்லாவற்றையும் பேச இன்று நேரமில்லை. வெப்ப மீட்டரைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

அதில் ஒரு பக்கம் C, அதாவது குளிர். இன்னொரு பக்கம் H, சூடு. காலையில் வண்டியைக் கிளப்பும்போது ஊசி C பக்கம் படுத்திருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் எழுந்து நடுவுக்கு வரும். வந்த இடத்திலேயே நாள் முழுக்க நிற்கும். அப்படி நின்றால் எஞ்சின் சௌக்கியம் என்று அர்த்தம். எங்களோடு ஒரு அண்ணன் ஓட்டினார், நல்ல மனிதர். முதல் தடவையாக சிலிம் ரிவருக்கு ஆள் ஏற்றிக்கொண்டு போனவர், ஓய்விடம் தென்படும் போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டி எனக்குப் போன் போட்டார். "ஊசி பாதிக்கு வந்திருச்சு. வண்டிய ஆற வச்சிட்டுத்தான் வாரேன்" என்றார். ஊசி C-யிலேயே கிடந்தால்தான் நல்லது என்று யாரோ அவர் காதில் ஓதியிருக்கிறார்கள். வண்டியில் இருந்தவர்கள் கோயில் திருவிழாவுக்குப் போகிறவர்கள். சாமி ஊர்வலம் கிளம்பிய பிறகுதான் இறங்கினார்கள். "அண்ணே, ஒங்க உடம்புச் சூடு சுத்தமா எறங்கிட்டா ஒங்கள எங்க கொண்டு போவாங்கன்னு தெரியும்லா?" என்று கேட்டேன்.

ஊசி H பக்கம் ஏறினால் ஆபத்து என்பது எல்லாருக்கும் தெரியும். ஏறிய ஊசி திடீரென்று இறங்கினால் என்ன என்பதுதான் பலருக்குத் தெரியாது. எனக்கு அதைச் சொன்னவர் மெங்லம்புவில் பட்டறை வைத்திருந்த ஒரு சீனர். எங்கள் பேச்சில் மெக்கானிக்கை 'பொமன்' என்போம். அந்தப் பொமனுக்கு என் வயதுதான் இருக்கும். நானும் அவரும் விலை பேசிச் சண்டை போடாத நாளே இல்லை. ஒருநாள் சண்டையின் நடுவில், மீட்டர் சொல்வதை மட்டும் கேட்டு முடிவு பண்ணாதே, வண்டியில் இன்னொரு சாட்சியைத் தேடிக் கேள் என்றார். அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. விலையைக் குறைக்காமல் பேச்சை மாற்றுகிறார் என்றுதான் நினைத்தேன்.

அந்த இன்னொரு சாட்சி எனக்கு ஒரு கல்யாணப் பயணத்தில் கிடைத்தது.

பெண் வீடு குனோங் ராபாட்டில், கல்யாணம் பாகான் செராயில் ஒரு மண்டபத்தில். என் வேனில் கல்யாணப் பெண் தர்ஷினி, அவள் அம்மா, அத்தைமார், சித்திமார், எல்லாருக்கும் மேலே தாய்மாமன். பின்னால் தாய்மாமனின் புதுக் காரை அவர் மகன் ஓட்டி வந்தான். அந்தக் காரின் பின் சீட்டிலும் சாமான் பெட்டியிலும் சீர்த்தட்டுகள். வெற்றிலை பாக்கு, பழம், பட்டு, பலகாரம் என்று ஒவ்வொன்றையும் கண்ணாடித் தாளால் மூடி ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

நான் உள்ளே போய்த் தேநீர் குடித்துவிட்டு வருவதற்குள் என் வேனுக்கும் அலங்காரம் நடந்துவிட்டது. முன்பக்கம் பம்பருக்கு மேலே காற்று போகிற கம்பி வலை முழுவதையும் மறைத்து, மணமக்கள் பெயர் எழுதிய ஒரு பலகை. அதன் மேல் கை மொத்தத்துக்கு ஒரு சாமந்தி மாலை, மேலும் கீழுமாக இரண்டு சுற்று. நம் ஆட்கள் கல்யாணம் என்றால் வண்டிக்கும் மூக்கை மூடிப் பட்டுக் கட்டுவார்கள். அந்த வலைக்குப் பின்னால்தான் எஞ்சின் தண்ணீரை ஆற்றும் ரேடியேட்டர் இருக்கிறது, அதற்குக் காற்று வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது.

பலகையைக் கழற்றிப் பின் கண்ணாடியில் வைத்தேன். மாலையில் கை வைத்ததும் தாய்மாமன் வந்துவிட்டார்.

"மால இருக்கட்டும்லா. நல்ல காரியத்துக்குப் போற வண்டி மூளியாவா போகும்?"

"காத்து போவணும்ணே."

"இவ்ளோ தூரம் காத்துலதான போப்போறோம்."

அத்தைமார் சிரித்தார்கள். மாலையை முடிந்தவரை மேலே தூக்கிக் கட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

தர்ஷினிக்கு வளைவில் தலை சுற்றும் என்பதால் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். என் வேன் மாதிரி வண்டியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். கல்யாணப் பெண் எஞ்சின் மேலேயே உட்கார்ந்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாந்தி வராமல் இருக்க எதையாவது பேசிக்கொண்டே வரவேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"அக்கா, இந்த ஊசி என்னா?"

"எஞ்சினோட காய்ச்சல் மீட்டர். நடுவுல நின்னா நல்லாருக்குன்னு அர்த்தம்" என்று சொல்லி ஆள்காட்டி விரலை நேராக நிறுத்திக் காட்டினேன். வலப்பக்கம் சாய்த்து, "இப்படிப் போனா காய்ச்சல்" என்றேன். அவளும் மருதாணி விரலை நிறுத்தி, சாய்த்துப் பார்த்துச் சிரித்தாள். அதன் பிறகு அவள் கண் சாலையில் இல்லை, ஊசியில்தான் இருந்தது.

ஜெலப்பாங்கைத் தாண்டினால் மலை ஏற்றம், ஏற்றத்தின் உச்சியில் மெனோரா சுரங்கம். எல்லாரும் ஓட்டப்போகிற பாதைதான். வண்டி நிறைய ஆள், குளிர்சாதனம் முழு வேகத்தில், முன்னால் இரண்டு சுற்று சாமந்தி, மேலே வெயில். பாதி ஏற்றத்தில் தர்ஷினி மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, காய்ச்சல் ஏறுது."

நானும் பார்த்துவிட்டேன். இடது ஓரத்தில் லாரிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. நிறுத்த இடமில்லை. குளிர்சாதனத்தை அணைத்தேன். பின்னால் இருந்து புலம்பல் எழுந்தது. அடுத்து ஹீட்டரைத் திறந்தேன். என் வேன் ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டி, அந்த ஊர்க் குளிருக்கு வைத்த ஹீட்டர் அதில் இருந்தது. நம் ஊரில் அதை யாராவது தொடுவார்களா? ஆனால் ஹீட்டருக்குள் ஓடுவதும் எஞ்சினின் அதே சுடுதண்ணீர்தான். அதைத் திறந்தால் எஞ்சின் சூட்டில் கொஞ்சம் நம் முகத்தில் அடித்து வெளியே போகும். எஞ்சினுக்கு அது சின்ன ரேடியேட்டர்.

"அடியே, நெருப்பு வருது" என்றார் ஓர் அத்தை. தர்ஷினியின் முகப்பூச்சு வழிய ஆரம்பித்தது. அவள் அம்மா பின்னாலிருந்து கைக்குட்டையால் ஒற்றினார். தாய்மாமன் என்னைப் பார்த்த பார்வையில், பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று எழுதியிருந்தது. நான் கண்டுகொள்ளவில்லை. ஊசி முக்காலுக்கு வந்து அங்கேயே நின்றது. சுரங்கத்தைத் தாண்டியதும் ஓரம் அகலமாக இருக்கும், அங்கே நிறுத்தி மாலையை அவிழ்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன்.

சுரங்கத்துக்குள் நுழைந்தோம். சட்டென்று ஹீட்டரிலிருந்து வந்த காற்று குளிர்ந்தது. அதே நேரத்தில் ஊசி முக்காலிலிருந்து சரிந்து நடுவைத் தாண்டி, C-க்கும் கீழே போய்ப் படுத்துக்கொண்டது.

வண்டிக்குள் எல்லாருக்கும் மூச்சு வந்தது. "அப்பாடா, இப்பத்தான் சாமி கண்ணத் தொறந்திருக்கு" என்றார் ஒரு சித்தி. தர்ஷினி தன் விரலை இடப்பக்கம் சாய்த்து, "காய்ச்சல் போயிருச்சுக்கா" என்று சிரித்தாள்.

நான் ஹீட்டர் வாயில் கையை வைத்தேன். முக்காலில் இருந்த எஞ்சின் ஒரு நொடியில் குளிராது. மீட்டரின் சென்சர் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் சூட்டைச் சொல்லும். தண்ணீர் போய்விட்டால் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை, ஊசி கீழே விழுந்துவிடும். மீட்டர் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்கிறது. இரண்டாவது சாட்சி ஹீட்டர். அது ஏன் குளிர்ந்தது? உள்ளே ஓடச் சுடுதண்ணீர் இல்லை. இரண்டு சாட்சியும் சேர்ந்து சொன்னது ஒன்றுதான். எஞ்சின் வெறும் வயிற்றோடு எரிந்துகொண்டிருக்கிறது.

ஊசி ஏறும்போது யோசிக்க நமக்குக் கொஞ்ச நேரம் உண்டு. இப்படி விழுந்தால் அந்த நேரமும் கிடையாது. சுரங்கத்தின் வாய் தெரிந்தது. வெளியே வந்ததும் அவசர விளக்கைப் போட்டு, ஓரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்துச் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"ஏன் நிப்பாட்டுறீங்க?" என்றார் தாய்மாமன்.

"தண்ணி இல்லண்ணே. எல்லாரும் எறங்கி அந்தத் தடுப்புக்குப் பின்னால போயி நில்லுங்க."

"ஊசிதான் எறங்கிடுச்சே. எனக்கும் கண்ணு இருக்கு. இனிமே ஒரே எறக்கம்லா, சும்மா விட்டாலே ஓடும். முகூர்த்தம் தவறிப் போனா நீங்களா பதில் சொல்லுவீங்க?"

அவர் கேட்டதில் தப்பில்லை. முன்னால் தெரிந்தது நல்ல இறக்கம், நேரம் ஓடிக்கொண்டிருந்தது, மண்டபத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். உங்களுக்கும் அந்த இடத்தில் அந்த ஆசை வரும். எனக்கும் வந்தது. ஆனால் எஞ்சினோடு இறங்கினால் அது வழியிலேயே இறுகி நின்றுவிடும். எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டிக்கொண்டு இறங்கினால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீரிங் திரும்பாது. வண்டி நிறையப் பெண்கள், பின்னால் லாரிகள். ஒரு முகூர்த்தத்துக்காக அந்த ஆட்டம் ஆட என்னால் முடியாது.

"பதில் நான் சொல்றேண்ணே" என்றேன். "ஆனா சாவி தரமாட்டேன்."

அவர் குரல் ஏறியது. பொம்பளை டிரைவரைப் பிடித்ததே தப்பு என்றார். அந்த வார்த்தையை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், அன்றைக்கு மட்டும் சுட்டது. நான் நிறுத்தியது தவறாக இருந்தால் அதன் பிறகு ஈப்போவில் எந்தக் கல்யாண வீடும் என்னைக் கூப்பிடாது. தர்ஷினிக்கோ ஆயுசு முழுக்க முகூர்த்தம் தவறிய பெண் என்ற பேர் நிற்கும். வாய்ச்சண்டையில் அதைத் தீர்க்க முடியாது என்று முன் சீட்டைத் தூக்கினேன். அடியிலிருந்து ஆவி பொங்கி வந்தது. ரப்பர் குழாய் ஒன்று நீளவாக்கில் பிளந்திருந்தது, அதற்குள் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட மிச்சமில்லை. தாய்மாமன் எட்டிப் பார்த்தார்.

அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் இருவரும் ஒரு பக்கம் ஆனோம். "இப்ப என்னா செய்யலாம்?" என்று கேட்டார்.

"பின்னால ஒங்க காரு இருக்கு. பொண்ணு, அவங்க அம்மா, நீங்க. மூணு பேரும் போங்க."

"தட்டு எல்லாம் இருக்கே. தட்டு உள்ள போன பெறகுதான பொண்ணு போகணும்?"

அதுவரை வாயைத் திறக்காத தர்ஷினியின் அம்மா குறுக்கே வந்தார். "அண்ணே, தட்டுக்கா கல்யாணம்? எம் பொண்ணு மொதல்ல போகட்டும், தட்டு பின்னால வரட்டும்."

சீர்த்தட்டைத் தரையில் வைக்கக்கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். காரிலிருந்து வேனுக்கு, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கமாக, அத்தைமாரும் சித்திமாரும் வரிசையாக நின்றார்கள். கை மாற்றிக் கை மாற்றித் தட்டுகள் வந்தன. லாரிக் காற்றில் பட்டுச்சேலைகள் படபடத்தன. "பெலான் பெலான், மெதுவா, லட்டு சரியுது" என்று ஒருத்தர் மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். ஒரு தட்டுகூட மண்ணைத் தொடவில்லை. நெடுஞ்சாலை ஓரத்தில் அப்படி ஒரு சீர்வரிசையை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

தர்ஷினி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தாள். ஏறியவள் கண்ணாடியை இறக்கிக் கூப்பிட்டாள்.

"அக்கா, இந்தக் கார்ல ஊசியே இல்ல."

"புதுக் காருல ஊசி வைக்கறதில்ல. நீல வெளக்கு எரிஞ்சா எஞ்சின் இன்னும் சூடாகல. சிவப்பு எரிஞ்சா மாமாகிட்ட சொல்லு, ஒடனே நிப்பாட்டச் சொல்லு. ரெண்டும் எரியாட்டி நிம்மதியா போ."

"நீங்க?"

"ஒன் சாப்பாட்டுக்கு வந்துருவேன்லா. போ."

கார் இறக்கத்தில் மறைந்தது. இனி என் வேலை காத்திருப்பது. தம்பிகளே, இந்தத் தொழிலில் கஷ்டமான வேலை அதுதான். கை துறுதுறுக்கும். ரேடியேட்டர் மூடியைத் திற, தண்ணீர் ஊற்று என்று சுற்றி நிற்பவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். சூட்டோடு திறந்தால் உள்ளே மிச்சமிருக்கும் ஆவி முகத்தை வேகவைத்துவிடும். கொதிக்கிற இரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். வெறுங்கையை வைத்துப் பார்த்து, கையை எடுக்கத் தோன்றாத அளவுக்கு ஆறும் வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் காத்திருந்தேன். அத்தைமார் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளை வீட்டார் கொடுத்த சேலைகளின் தரத்தைப் பற்றிப் பேசி முடித்தார்கள்.

முதலில் மாலையை அவிழ்த்தேன். அத்தைமார் கத்தரிக்க விடவில்லை, கல்யாண மாலையை வெட்டக்கூடாதாம். முடிச்சு முடிச்சாகப் பிரித்தோம். பிளந்த குழாயில், நான் எப்போதும் வண்டியில் வைத்திருக்கும் பழைய சைக்கிள் டியூப் பட்டைகளை இழுத்து இழுத்துச் சுற்றினேன். அதன் மேல் கம்பி போட்டு முறுக்கினேன். விருந்தாளிகளுக்கென்று ஏற்றியிருந்த குடிதண்ணீர்ப் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வேனில் இருந்தன. அவ்வளவும் ரேடியேட்டருக்குப் போனது. மூடியை முழுவதும் இறுக்காமல் விட்டேன், அழுத்தம் ஏறிக் கட்டு பிய்ந்துவிடக் கூடாது.

எஞ்சின் ஒரே தட்டில் கிளம்பியது. ஊசி C-யிலிருந்து மெல்ல எழுந்து நடுவுக்கு வந்தது. ஹீட்டரைத் திறந்து கை வைத்தேன். சுட்டது. அந்தச் சூட்டில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு சாட்சியும் ஒரே பேச்சுப் பேசினார்கள். அதற்கப்புறம் ஒருநாள் மெங்லம்பு பொமன் எஞ்சினைத் திறந்து, தலைப்பகுதியில் ஒரு வளைவுகூட இல்லை என்று காட்டினார். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் தூக்கி எறிய வேண்டியிருக்கும் என்றார். அன்றைக்கு விலையும் பேசவில்லை, சண்டையும் போடவில்லை. உங்கள் கொட்டகையில் மூன்றாவதாக நிற்கிறதே அந்த வெள்ளை வேன், அதில் இன்றும் ஓடுவது அதே எஞ்சின்தான்.

பாகான் செராய் போய்ச் சேர்ந்தபோது மண்டபத்திலிருந்து சாப்பாட்டு வாசனை வந்தது. தாலி கட்டியாகிவிட்டது. முகூர்த்தம் தவறவில்லை, கார் போய்ச் சேர்ந்தபோது கொஞ்ச நேரம்தான் மிச்சமிருந்ததாம். பெண் உள்ளே போன பிறகு சீர்த்தட்டுகள் பின்வாசல் வழியாகப் போயின, யாரும் குறை சொல்லவில்லை. தாய்மாமன் வாசலுக்கே வந்தார். கல்யாண வீட்டில் டிரைவர்களுக்குக் கடைசியில்தான் இலை போடுவார்கள். அவர் என் கரிப்பிடித்த கையைப் பார்த்தார்.

"கைய கழுவிட்டு வாங்க. மொத பந்தியில எம் பக்கத்துல எடம் போட்டிருக்கேன்."

கை கழுவப் போகும் முன் மேடையைப் பார்த்தேன். தர்ஷினி மாலையும் கழுத்துமாக, மாப்பிள்ளை பக்கத்தில் படம் எடுக்க நின்றுகொண்டிருந்தாள். கூட்டத்துக்கு மேலாக என்னைக் கண்டுபிடித்துவிட்டாள். பேச முடியாது. மருதாணி விரலைத் தூக்கி வலப்பக்கம் சாய்த்தாள், பிறகு இடப்பக்கம் சாய்த்தாள். புருவத்தை உயர்த்திக் கேட்டாள்.

நான் கரி படிந்த விரலை உயர்த்தி, நேராக, நடுவில் நிறுத்தினேன்.

அவள் வாய்விட்டுச் சிரித்த அந்த நொடியில்தான் படம் பிடித்தார்கள். அதில் ஒரு பிரதி என் வீட்டில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள், இதில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அவள் யாரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கேளுங்கள் என்பேன்.